இரும்புப் பாணியும் மலேரியாவும்: 20 மாதப் பிள்ளையோடு உகண்டா போகிறோம், என்ன செய்வது?

களுதாவளைத்தாய் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு காலமும் இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான். இப்போது ஒரு சங்கடம், அதுதான் எழுதுகிறேன்.

கணவர் உகண்டாவில் ஜிஞ்சா பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். போய் ஒன்றரை வருடமாகிறது. இன்னும் மூன்று மாதத்தில் நானும் மகனும் அங்கே போகிறோம். மகனுக்கு 20 மாதம். போன கிழமை கிளினிக்கில் இரத்தம் சோதித்ததில் எச்.பி., அதாவது ஹீமோகுளோபின், 8.9 என்று வந்தது. இரும்புச்சத்துப் பாணி எழுதித் தந்தார்கள், மூன்று மாதம் கொடுக்கச் சொல்லி.

கணவரோடு வேலை செய்பவரின் மனைவி போனில் சொன்னா, மலேரியா நாட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இரும்பு கொடுக்காதே, கிருமி அதைத் தின்றுதான் பெருகும், உடனே நிறுத்து என்று. மாமி சொல்கிறா, டொக்டர் தந்ததை நிறுத்தினால் நான் பொறுப்பில்லை என்று. இரண்டு பேர் சொல்லையும் கேட்டுக் குழம்பி மூன்று நாளாகப் பாணி கொடுக்கவில்லை. இரும்பும் மலேரியாவும் உண்மையிலேயே பகையா, நட்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


படுவான்கரையான் | செவ்வாய், இரவு 10.15

மகள், இதற்குப் போய் ஏன் இவ்வளவு பயம்? 80களில் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் எங்கள் வயல் வாடியில் மலேரியா வராத ஆள் இல்லை. எனக்கே ஏழெட்டுத் தரம் வந்திருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், பின்நேரம் மூன்று மணிக்கு மணியடித்த மாதிரிக் குளிர் தொடங்கும். சாக்கு, படங்கு எல்லாம் போட்டு மூடினாலும் கட்டில் ஆடும். பிறகு வியர்த்துக் கொட்டி அடங்கிவிடும். குளோரோகுயின் குளிசையை விழுங்கிவிட்டு மறுநாள் மாடு சாய்க்கப் போவோம். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது, காய்ச்சல் நிற்கவில்லை.

குளிரும் நடுக்கமும் வந்தால் மருந்து எடுங்கள், அவ்வளவுதான். இரும்புப் பாணியைப் பற்றி எனக்குத் தெரியாது.


ஆய்வுகூடத்துப்பூனை | புதன், காலை 6.50

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதும் தங்கச்சி போகிற இடத்தில் இருப்பதும் ஒரே மலேரியா இல்லை. கல்முனைப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் கூடுதலாக இருந்தது வைவாக்ஸ் என்கிற மலேரியாக் கிருமி. அது பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களுக்குள் மட்டும்தான் புகும். இரத்தத்தில் எந்த நேரமும் இளம் அணுக்கள் கொஞ்சம்தானே இருக்கும், அதனால் கிருமி எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆப்பிரிக்காவில் பெரும்பங்கு ஃபால்சிபாரம் என்கிற இன்னொரு வகை. அதற்கு இளசு, முற்றல் என்ற பேச்சே இல்லை, எல்லா அணுவுக்குள்ளும் புகும். போதாததற்கு, முற்றிய கிருமி இருக்கும் அணுக்கள் மூளை, சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண்ணிய குழாய்களில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். விரலில் குத்தி எடுத்த துளியில் கொஞ்சம்தான் தெரியும், உள்ளே பட்டாளமே இருக்கும்.

இன்னொன்று. கிருமி புகுந்த அணு மட்டும் உடைவதில்லை. அப்படி ஒன்று உடைந்தால், கிருமியே இல்லாத நல்ல அணுக்கள் எட்டு அளவில் சேர்ந்து அழிகின்றன என்று ஃபால்சிபாரத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மண்ணீரல் சந்தேகப்பட்டே பிடித்துத் தின்றுவிடும். அதே நேரம் எலும்பு மச்சையும் புதிய அணு செய்வதைக் குறைத்துக்கொள்ளும். கிணற்றை இறைத்துக்கொண்டே ஊற்றையும் அடைக்கிற வேலை. எச்.பி. 11 உள்ள பிள்ளைக்குக் கொஞ்சம் இருப்பு இருக்கும். 8.9 உள்ள பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்.


வாழைச்சேனை ராத்தா | புதன், காலை 8.05

தங்கச்சி, முருங்கையிலைச் சுண்டல், ஈரல், நெத்தலி எல்லாம் கொடுங்கோ. பிள்ளைக்குத் தேயிலைத் தண்ணி கொடுக்கிறீங்களா? என்ட பேரனுக்கு பிஸ்கட்டைத் தேயிலையில் தோய்த்துக் கொடுத்து, கடைசியில் அவனுக்கும் 9 என்டு வந்தது. மிட்வைஃப் மிஸ் ஏசின ஏச்சு இன்னும் காதில கேட்குது.

பப்பாளி இலைச் சாறும் நல்லம் என்டு சொல்றாங்க.


ஆய்வுகூடத்துப்பூனை | புதன், காலை 8.20

ராத்தா, பப்பாளி இலையை டெங்குக்குச் சொல்லித்தான் இங்கே எல்லோரும் குடிக்கிறார்கள். அதையும் நான் நம்பவில்லை. மலேரியாவுக்கு அதைக் கொண்டு வர வேண்டாம், புண்ணியமாகப் போகும். தேயிலை சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி, சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் குடல் எடுக்க விடாது.


நைல்கரை நானா | புதன், மாலை 5.30

சொந்த ஊர் அக்கரைப்பற்று. உகண்டாவில் ஆறு வருடம். இதை எழுதுவதா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். படுவான்கரை ஐயா எழுதியதை வாசித்ததும் எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. ஐயா சொன்ன அதே கதையைச் சொல்லித்தான் நானும் என் மகளை இழக்கப் பார்த்தேன்.

அப்போது அவளுக்கு 14 மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல். பெரிய காய்ச்சல் இல்லை. பாரசிட்டமோல் கொடுத்தால் இறங்கும், திரும்ப ஏறும். பக்கத்து வீட்டு உகண்டாக்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "மலேரியா சோதித்தாயா?" என்றா. நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன், "எங்கள் ஊரில் மலேரியாவை எனக்குத் தெரியும், நடுங்கவேண்டும், இவள் நடுங்கவில்லையே" என்று. என் வாப்பாவுக்கு வந்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். நடுக்கம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுக்கம் வரவே இல்லை. திங்கள் இரவு பால் குடிக்க மறுத்தாள். மூச்சு மாறியது. சளி பிடித்த மூச்சு இல்லை, ஓடி வந்தவன் வாங்குகிற மாதிரி ஆழமாக, வேகமாக. மனைவி அவளுடைய கையை விரித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினா. உள்ளங்கை கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் அங்கே தாய்மார் அதைத்தான் பார்ப்பார்களாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எச்.பி. 3.6. விரலில் குத்திய சோதனை பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஃபால்சிபாரம் என்று சொல்லிவிட்டது. ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து ஊசி உடனே போட்டார்கள், பிறகு 12 மணித்தியாலத்தில் ஒன்று, 24இல் ஒன்று. இரத்தம் வர நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் நான் அந்தத் தாதியோடு சண்டை பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். "பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, ஒரு சேலைன் போத்தல் போடக்கூட உங்களுக்கு மனம் இல்லையா?" என்று கத்தினேன். எங்கள் ஊர்ப் பழக்கம், ஆஸ்பத்திரி என்றால் சேலைன். அவ மாட்டேன் என்றா, விளக்கமும் சொல்லவில்லை. இரத்தம் வந்து ஏற்றத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் மகள் கண்ணைத் திறந்து செருப்பைக் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்து ஐந்து கிழமையில் திரும்பவும் வெளுப்பு, திரும்பவும் மலேரியா. இரண்டாம் தரம் நான் எதற்கும் காத்திருக்கவில்லை.


களுதாவளைத்தாய் | புதன், மாலை 6.10

நானா, வாசித்துக் கை நடுங்குகிறது. இப்போது மகள் சுகமா?


நைல்கரை நானா | புதன், மாலை 6.14

இப்போது ஆறு வயது. சுகம், வாய் மட்டும் காது கொடுத்துக் கேட்க முடியாது.


பிள்ளைவார்ட் | புதன், இரவு 11.20

இரவு வேலை, கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. மட்டக்களப்பில் பிள்ளைகள் பகுதியில் வேலை செய்கிற டொக்டர் நான். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, அதனால் இது வைத்திய ஆலோசனைக்குப் பதில் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

முதலில் பாணி. நாளைக் காலையிலேயே திரும்பத் தொடங்குங்கள், தங்கச்சி.

அந்தப் பெண் சொன்னது வெறும் வதந்தியும் இல்லை. சன்சிபாருக்குப் பக்கத்தில் பெம்பா என்று ஒரு தீவு. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு யாருக்கு இரத்தச் சோகை, யாருக்கு இல்லை என்று பார்க்காமல் எல்லோருக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது. கொடுத்த பிள்ளைகளிடையே கடும் நோயும் இறப்பும் சேர்த்துப் பார்த்தால் 12 வீதம் கூடியிருந்தது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். அந்தச் செய்திதான் 'இரும்பு விஷம்' என்று வாய்வழியாக உங்கள் போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியை யாரும் சொல்வதில்லை. மலேரியாவைக் கவனித்துச் சோதித்து உடனே மருந்து கொடுத்த சிறு குழுவில், உண்மையிலேயே இரும்புக் குறைபாடும் சோகையும் இருந்த பிள்ளைகளுக்கு இரும்பு நன்மைதான் செய்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வதும் அதுதான்: மலேரியா உள்ள இடத்தில் இரும்பு கொடுக்கலாம், ஆனால் நுளம்பு வலையும் சோதனையும் சிகிச்சையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு இதைவிட நல்ல வசதி ஒன்று இருக்கிறது. நீங்கள் இப்போது நிற்பது மலேரியா இல்லாத நாட்டில். வெளிநாட்டில் இருந்து வந்த கிருமியால் இல்லாமல், உள்நாட்டுக் கிருமியால் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் வந்துவிட்டது. கையில் மூன்று மாதம் இருக்கிறது. இரும்பை இங்கேயே நிரப்பிக்கொண்டு போங்கள். நிறுத்திவிட்டு 8.9ஓடு போய் இறங்குவதுதான் இருக்கிறவற்றில் மோசமான வழி. ஒரு மாதத்தில் எச்.பி. திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு இருக்கிறதா, குடற்பூச்சியா என்று தேட வேண்டும். பாணி கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ராத்தாவின் தேயிலைக் கதையை எங்கள் கிளினிக் சுவரில் எழுதி ஒட்டலாம்.

இனி நானாவின் சேலைன் சண்டை. நானா, அந்தத் தாதிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். காய்ச்சலோடு, இரத்த ஓட்டம் குறைந்த அதிர்ச்சி நிலையில் வந்த பிள்ளைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றுவது நல்லதா என்று உகண்டா, கென்யா, தன்சானியாவில் 3,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்தார்கள், 2011இல் முடிவு வந்தது. எல்லோரும் நன்மை என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது மறுதலை. வேகமாக ஏற்றிய பிள்ளைகளில் 48 மணித்தியாலத்துக்குள் இறந்தவர்கள் 10.5 வீதம், ஏற்றாதவர்களில் 7.3. சோகையால் ஏற்கெனவே களைத்த இதயத்துக்குத் தண்ணீர் வேலை கொடுக்கும், ஒட்சிசன் கொடுக்காது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது இரத்தம். மகளின் ஆழமான மூச்சும் நுரையீரல் வருத்தம் இல்லை. ஒட்சிசன் போதாமல் உடம்பில் அமிலம் ஏறினால் அப்படித்தான் மூச்சு வாங்கும். அந்த மூச்சைக் கண்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

நடுக்கம் பற்றி நானா எழுதியதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே, அதுவும் இரண்டு வயதுக்குக் கீழே, அந்தக் குளிர், நடுக்கம், வியர்வை என்ற ஒழுங்கு வராமலே போகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கும் இல்லை. வாந்தி, பால் மறுப்பு, சோர்வு, வெளுப்பு, சில நேரம் வலிப்பு, இப்படித்தான் வரும். மலேரியா கூடிய இடங்களில் கடும் சோகை அதிகம் பிடிப்பது இந்த வயதைத்தான்.


படுவான்கரையான் | வியாழன், காலை 5.45

டொக்டர், நானா, இரண்டு பேர் எழுதியதையும் வாசித்தேன். நான் எழுதியது பிழை. மகள், நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தங்கச்சி ஒருத்தி, நாலு வயதிருக்கும், திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும். வயிற்றில் இடது பக்கம் கட்டி மாதிரி இருக்கும். சுவர் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தின்பாள். அப்போது மலேரியாக்காரர் வந்து மலத்தியன் அடித்துவிட்டுப் போவார்கள், வீடு முழுக்க அந்த நாற்றம். மருந்தடித்த சுவரைப் பிள்ளை தின்கிறாளே என்று அம்மா அவர்கள் போன கையோடு சாணி கரைத்துச் சுவர் முழுக்க மெழுகிவிடுவா. அவர்கள் அடுத்த தரம் வந்து ஏசுவார்கள். அம்மா தலையாட்டிவிட்டு மறுநாளும் மெழுகுவா. தங்கச்சி மண் தின்றது இந்தச் சோகையால்தானா? வைவாக்ஸ் என்றால் சோகை வராது என்று இல்லையே?


பிள்ளைவார்ட் | வியாழன், காலை 7.10

இல்லை ஐயா, வைவாக்ஸும் சோகை கொண்டு வரும். அது ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப எழும்பும். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் குறையும். அந்தக் கட்டி வீங்கிய மண்ணீரலாக இருந்திருக்கும். மண் தின்பது இரும்புக் குறைபாட்டில் அடிக்கடி காண்கிறோம். மண்ணோடு பூச்சியும் போயிருக்கும், அது இன்னும் கொஞ்சம் இரத்தம் குடித்திருக்கும். எது எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது.

அம்மா மெழுகியதில் நுளம்புக்குத்தான் இலாபம். மருந்தடித்த சுவரில் வந்து உட்கார்ந்தால்தானே அது சாகும். ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் மெழுகியிருப்பேன் போல.


படுவான்கரையான் | வியாழன், காலை 7.25

தங்கச்சி இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டா. இதைக் காட்டினேன், சிரிக்கிறா. சுவர் மண் நல்ல ருசியாம்.


ஆய்வுகூடத்துப்பூனை | வியாழன், காலை 7.50

நான் சோதனைக்கூடத்துக்கு வந்த காலத்தில் கண்ணாடியில் பூசிய இரத்தத்தில் நிஜமான மலேரியாக் கிருமி பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. வாழைப்பழம் மாதிரி வளைந்த ஃபால்சிபாரத்தைப் படிப்புக்கு வைத்திருந்த பழைய கண்ணாடியில்தான் கண்டேன். 1963இல் நாடு முழுக்க 17 பேர் என்று இறங்கி, சரி முடிந்தது என்று கையை விட்டதும் சில வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும் காலத்தில் அதற்குக் கொண்டாட்டம்.

அதனால் தங்கச்சி, லீவில் ஊருக்கு வரும்போது பிள்ளைக்கோ உங்களுக்கோ காய்ச்சல் வந்தால், கேட்காவிட்டாலும் முதல் சொல்லாக "ஆப்பிரிக்காவில் இருந்து வந்தோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எல்லோரும் டெங்கு என்றுதான் நினைப்பார்கள், பிளேட்லெட்டும் இரண்டிலும் இறங்கும்.


நைல்கரை நானா | வியாழன், மத்தியானம் 1.05

டொக்டர், மகளுக்கு இரண்டாம் தரம் வந்ததற்கு நாங்கள் வலையைச் சரியாகக் கட்டாததுதான் காரணமா? மனைவி இன்னும் தன்னைத்தான் குற்றம் சொல்கிறா.


பிள்ளைவார்ட் | வியாழன், இரவு 8.30

அப்படிச் சொல்ல விடாதீர்கள் நானா. கடும் சோகையோடு வந்து இரத்தம் ஏற்றித் தேறிய பிள்ளைக்கு, வீட்டுக்குப் போன பிறகு வரும் ஆறு மாதமும் ஆபத்தான காலம். திரும்பி வருவதும் இறப்பதும் அந்தக் காலத்தில் அதிகம் என்பது அங்கே தெரிந்த விஷயம். எலும்பு மச்சை தேற அவகாசம் வேண்டும், அதற்குள் இன்னொரு கடி போதும். கென்யாவிலும் உகண்டாவிலும் இப்படித் தேறிய பிள்ளைகளுக்கு, வீட்டுக்குப் போன பின்னும் மூன்று மாதம் மாதாமாதம் மலேரியா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வருவதும் இறப்பும் குறைந்தன. அந்த முடிவு வந்தது 2020இல், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2022இல். உங்கள் மகளின் காலத்தில் அது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.


களுதாவளைத்தாய் | அடுத்த புதன், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. பாணி அன்றைக்கே தொடங்கிவிட்டேன். தேயிலை நிறுத்தியாயிற்று. மாமிக்குத்தான் கவலை, பிள்ளை தேயிலை கேட்டு அழுகிறானாம்.

நேற்று மலேரியா தடை இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போனேன். இருந்தவர் நல்ல மனிதர். வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து இலவசம் என்று சொன்னார், எனக்குத் தெரியவே தெரியாது. பிள்ளைக்கு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேட்டார், இல்லை என்றேன். மெஃப்ளோகுயின் கிழமைக்கு ஒரு தரம், நிறைக்கு ஏற்ற அளவு, பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே தொடங்க வேண்டுமாம். கசக்கும், பொடித்துத் தேனோ சீனியோ சேர்த்துக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் சொல்லுங்கள் என்றார். மருந்து குடித்தாலும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சோதிக்க வேண்டும், மருந்து குடிக்கிறோமே என்று இருந்துவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். உகண்டாவில் 2025இல் சின்னப் பிள்ளைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி தொடங்கியிருக்கிறார்களாம், மகனுக்குச் சரிவருமா என்று அங்கே போய்க் கேட்கச் சொன்னார்.

கணவருக்குப் போன் எடுத்து உள்ளங்கையைப் பார்க்கும் விதம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது வீடியோவில் தினமும் "மகன், கையைக் காட்டு" என்கிறார். இவன் காலைக் காட்டுகிறான்.

நானா, கடைசியாக ஒரு கேள்வி. நுளம்பு வலை இங்கே வாங்கிக் கொண்டு வருவதா, அங்கே வாங்குவதா?


நைல்கரை நானா | அடுத்த புதன், இரவு 9.25

வலை உகண்டாவிலேயே வாங்குங்கள் தங்கச்சி, மருந்தூட்டிய வலை தாராளமாகக் கிடைக்கும். நீங்கள் வருவதற்கு முன்பே கணவரிடம் வாங்கிக் கட்டி வைக்கச் சொல்லுங்கள், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். பையில் மிஞ்சுகிற இடத்தில் நெத்தலிக் கருவாடு போடுங்கள். மகனுக்கு அரைவாசி, மிச்சம் எனக்கு.